எலியால் வரும் காய்ச்சல்கள்: கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நஷ்டக் கணக்குதான். பால் பிடிக்கும் கதிரை அறுத்துப் போட்டது, தென்னங்குரும்பையைக் கடித்துத் தள்ளியது, மூட்டையை ஓட்டை போட்டது என்று சொல்லிக்கொண்டே போவோம். அதே எலி நம் உடம்புக்கு அனுப்பும் கிருமியை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கப்பட்டு, லோயர்கேம்ப் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் நடக்கிறது. தொழி உழவில் தொடங்கி அறுவடை வரை சேற்றிலும் தண்ணீரிலும் நிற்கிறவர்கள் ஒரு கூட்டம். விடியுமுன் ஜீப் ஏறி கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தை எலிக்காய்ச்சலும், இரண்டாவது கூட்டத்தை உண்ணிக்காய்ச்சலும் குறிபார்க்கின்றன. எலிக்காய்ச்சலை லெப்டோஸ்பைரோசிஸ் என்றும், உண்ணிக்காய்ச்சலை ஸ்க்ரப் டைபஸ் என்றும் டாக்டர்கள் சொல்வார்கள்.

இரண்டுமே வைரஸ் காய்ச்சல் அல்ல. பாக்டீரியாவால் வருபவை. நாலைந்து நாளுக்குள் கண்டுபிடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மலிவான மாத்திரையே பெரும்பாலும் போதும். எட்டு, பத்து நாள் கடந்து சிறுநீரகமும் நுரையீரலும் பாதித்த பிறகு போனால் ஐசியுவில்தான் படுக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஐந்து நாள் எங்கே தொலைகிறது என்று விசாரித்தால், பெரும்பாலும் "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதிலும், ஒரே ஊசியில் குணமாக்குவேன் என்பவரிடம் போனதிலும்தான் தொலைந்திருக்கும்.

பிளேக் இருந்த பள்ளத்தாக்கு

நம் பள்ளத்தாக்குக்கு எலிநோய் புதிதல்ல. பழைய சென்னை மாகாணத்தில் பிளேக் நோய் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் கம்பம் பள்ளத்தாக்கும் ஒன்று. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. இங்கே மட்டும் ஏன் பிளேக் அடங்க மறுக்கிறது என்று தனியாக ஒரு விசாரணையே நடத்தினார்கள். ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் எழுதிய அந்த அறிக்கை 1934ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது.

பிளேக் 1896ல் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேல் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் கிருமியை 1894ல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அது எலியிலிருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் தூக்கி வருகிறது என்று 1898ல் கராச்சியில் சைமண்ட் என்பவர் காட்டினார். நோயுள்ள எலியின் ரத்தத்தைக் குடித்த தெள்ளுப்பூச்சியின் தொண்டைக்குக் கீழே கிருமி பெருகி அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி அடங்காத பூச்சி மாறி மாறிக் கடித்து, ஒவ்வொரு கடியிலும் கிருமியைக் கக்கும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் பக்கத்தில் சூடாக இருக்கும் மனிதன் மேல் ஏறிக்கொள்ளும்.

எல்லாத் தெள்ளுப்பூச்சிக்கும் இந்த வேலை ஒரே மாதிரி வருவதில்லை. சென்னைப் பட்டணம் போன்ற வெக்கையான சமவெளிகளில் எலி மேல் அதிகம் இருந்தது வேறொரு ஜாதி. அது பிளேக்கைப் பரப்புவதில் மந்தமானது. அதனால் அங்கே பிளேக் வந்தாலும் வேர் பிடிக்கவில்லை. பிளேக்கைச் சுறுசுறுப்பாகப் பரப்பும் ஜாதிக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். வெற்றிலையையும் திராட்சையையும் வாழையையும் செழிக்க வைக்கும் மலையடிவாரக் காற்று யாருக்குத் தோதாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஜனங்கள் நுண்ணோக்கி பார்க்காமலே ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வீட்டில் காரணமில்லாமல் எலி செத்து விழுந்தால், வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்தில் குடிசை போட்டுத் தங்கினார்கள். தெள்ளுப்பூச்சியிடமிருந்து விலகிப் போவதுதானே அது? கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது. இன்று நம் பக்கம் பிளேக் கிடையாது. 1994ல் சூரத்தில் தலைகாட்டியது நினைவிருக்கும். தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சந்திக்கும் எல்லைப் பகுதி பழைய பிளேக் இடம் என்பதால் அங்கே எலிகளைப் பிடித்துச் சோதிக்கும் கண்காணிப்பும் நடந்து வந்திருக்கிறது. பிளேக் போனது. எலி போகவில்லை. அது இப்போது சுமப்பது வேறு சரக்கு.

சேற்றில் காத்திருக்கும் எலிக்காய்ச்சல்

எலிக்காய்ச்சல் கிருமி ஒரு நூல் திருகு. நுண்ணோக்கியில் பார்த்தால் முனை கொக்கி போல வளைந்திருக்கும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. எலி வாழ்நாள் முழுக்க மூத்திரத்தோடு கிருமியை வயலிலும் வாய்க்காலிலும் விட்டுக்கொண்டே திரியும். ஈரமான சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்த மண்ணிலும் சுள்ளென்ற வெயிலிலும் செத்துவிடும். அதனால் களத்தில் இல்லாத ஆபத்து தொழியில் இருக்கிறது.

நம் உடம்புக்குள் அது எப்படிப் போகிறது? சேற்றுப்புண், வெடிப்பு விட்ட குதிகால், அருவாள் கீறிய விரல் இவைதான் வாசல். அழுக்குத் தண்ணீர் கண்ணில் தெறித்தாலும், வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவி வாய் கொப்பளித்தாலும் உள்ளே போகும். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோலும் எளிதில் இடம் கொடுக்கும். நாற்றுப் பறிப்பிலும் நடவிலும் களையெடுப்பிலும் குனிந்து நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதால் நம் ஊரில் இதை ஆண்களின் நோய் என்று நினைத்துவிடக் கூடாது.

கிருமி உள்ளே போன அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும். சில சமயம் ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் நடவு முடிந்து, வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள். வயலுக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

குளிரோடு திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, இடுப்பு வலி வரும். இவை எந்தக் காய்ச்சலிலும் உண்டு. எலிக்காய்ச்சலுக்கென்று கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கும்; நடக்கவே சிரமப்படுவார்கள். இரண்டு, கண் சிவந்திருக்கும். ஆனால் மெட்ராஸ் ஐ போலப் பீளை தள்ளாது. பலருக்கு இதோடு சரியாகிவிடும். சிலருக்கு நாலைந்து நாளில் கண் மஞ்சளாகி, மூத்திரம் குறைந்து, மூச்சு வாங்கும். இருமினால் ரத்தம் வரலாம். மஞ்சளைப் பார்த்ததும் "காமாலை, பச்சிலை கொடுத்தால் போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். காய்ச்சலோடு சேர்ந்து வரும் காமாலையை மருந்து கட்டிப் பார்க்கும் விஷயமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மூத்திரம் குறைந்திருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேருக்கு இது வருகிறது, ஏறக்குறைய 59,000 பேர் சாகிறார்கள் என்று 2015ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நெல் விளையும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பழக்கமான நோய் இது. அந்தமானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 1988 முதல் ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் காய்ச்சலும் ரத்தப்போக்குமாக ஆட்கள் சாக, என்னவென்று தெரியாமல் அந்தமான் ரத்தப்போக்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1993ல் வடக்கு அந்தமானின் திக்லிப்பூரில் பரவியபோது ஆராய்ந்ததில், அது வயல்வேலை செய்கிறவர்களுக்கு வந்த எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. மர்மக் காய்ச்சல் என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இதை எலிப்பனி என்பார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அங்கே எலிப்பனி பரவியபோது, தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்தடுப்பாகக் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்த தோட்டத்தையோ கிணற்றையோ சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்றால், இந்த முன்தடுப்பு உங்களுக்கு வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை பொதுவாகக் கொடுப்பதில்லை.

கம்பூட் போடுங்கள், கையுறை போடுங்கள் என்று எல்லாத் துண்டுப்பிரசுரத்திலும் இருக்கும். வாய்க்கால் தூர்வாரவும் மாட்டுக் கொட்டகை கழுவவும் அது சரி. முழங்கால் சேற்றில் நாற்று நடுகிறவர்களுக்கு அது நடக்காத காரியம். ஒரு அடி எடுத்து வைத்தால் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும். நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். காலில் புண் இருப்பவர் ஆறும்வரை சேற்றில் இறங்க வேண்டாம். வரப்பு வேலையோ கட்டுத் தூக்கும் வேலையோ கொடுங்கள். சின்னக் கீறல் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு இறங்குங்கள். கரையேறியதும் போர்த் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள். வாய்க்காலில் அலசிவிட்டுச் சோற்றுத்தூக்கைத் திறக்காதீர்கள். நடவு ஆட்களுக்குக் காப்பி, வடை வாங்கித் தருகிற தோட்டக்காரர் ஒரு சோப்புக் கட்டியும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சேர்த்து வைத்தால் செலவு ஒன்றும் கூடிவிடாது.

புதரில் இருக்கும் உண்ணிக்காய்ச்சல்

உண்ணிக்காய்ச்சல் என்று பெயர் இருப்பதால் மாட்டு உண்ணி, நாய் உண்ணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. கத்தரியிலும் வெண்டையிலும் இலையைச் சுருட்டும் சிலந்திப்பேன் உங்களுக்குத் தெரியும். முதல் மழைக்குச் செம்மண்ணில் ஊர்ந்து வரும் சிவப்பு வெல்வெட் பூச்சியைச் சின்ன வயதில் தீப்பெட்டியில் அடைத்து விளையாடியும் இருப்பீர்கள். அவற்றின் ஒன்றுவிட்ட உறவுதான் இது. (வெல்வெட் பூச்சி ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.) வளர்ந்த பேன் மண்ணுக்குள் சிறு பூச்சிகளின் முட்டையைத் தின்று பிழைக்கும். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு மட்டும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏதாவது உயிரைக் கடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. வழக்கமாக அது ஏறுவது எலி மேல். அந்த நேரத்தில் அந்தப் புல்லில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் மேல்.

கிருமி தாய்ப்பேனிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்துவிடுகிறது. அதனால் எலியைக் கொன்றால் மட்டும் இந்த நோய் ஒழியாது. எலியும் புதரும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான் இது வேர் பிடிக்கிறது. ஏலத்தோட்ட ஓரம், காப்பித் தோட்டம், தரிசு விட்டுப் புல் மண்டிய காடு, பண்ணை வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடம் எல்லாம் அதற்கு வீடு. தமிழ்நாட்டில் ஆடி, ஆவணிக்குப் பிறகு கூடத் தொடங்கி ஐப்பசியிலிருந்து தை வரை அதிகம் வருகிறது. 2024-25 பனிக்காலத்தில் பொது சுகாதாரத் துறையே இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது.

கடித்தபோது தெரியாது. 6 முதல் 21 நாள் கழித்துக் காய்ச்சலும் கடும் தலைவலியும் உடம்பு வலியும் வரும். கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்து, ஓரம் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. இந்த ஒரு பொருக்கைப் பார்த்துவிட்டால் டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. அப்போதே மருந்தைத் தொடங்கிவிடுவார்.

ஆனால் அது எங்கே இருக்கும் தெரியுமா? ஆடை இறுக்கும் இடத்திலும் மடிப்பிலும். அக்குள், மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடுப்பு, தொடை இடுக்கு, அந்தரங்க உறுப்பு, காதுக்குப் பின்னால். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. தெரிந்தாலும் கூச்சத்தில் சொல்வதில்லை. டாக்டரும் கூட்டத்துக்கு நடுவில் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. இப்படியே அந்தப் பொருக்கு பார்க்கப்படாமல் போய்விடுகிறது. அதனால் வீட்டிலேயே பாருங்கள். மலை வேலைக்குப் போய்வந்த மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கணவனோ மகளோ உடம்பு முழுக்க வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். பொருக்கு இருந்தால் நர்ஸிடமாவது காட்டுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இது ஏதோ அபூர்வ நோய் என்று தள்ளிவிட முடியாது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 30,000க்கு மேற்பட்டவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். கிராமத்துக் காய்ச்சல்களுக்கும், காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் உண்ணிக்காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம் என்பது 2025ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. சிகிச்சை இல்லாமல் விட்டால் சராசரியாக நூற்றுக்கு ஆறு பேர் வரை சாகக்கூடும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அவர்களுக்குத் தருவதற்கு அசித்ரோமைசின் இருக்கிறது. முற்றிப்போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் என்று சிஎம்சி முன்நின்று நடத்திய இன்னொரு ஆய்வு 2023ல் காட்டியது. உலகமெங்கும் டாக்டர்கள் இப்போது அதைப் பேசுகிறார்கள்.

மலை வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும், கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகியும் போடுங்கள். சேலை கட்டுகிறவர்கள் உள்ளே லெக்கின்ஸ் போட்டுக்கொள்வதை இப்போதெல்லாம் பார்க்கிறேன்; அட்டைக்காகத் தொடங்கிய பழக்கம், இதற்கும் உதவும். சாப்பிடும்போது புல்லில் உட்காராமல் சாக்கோ தார்ப்பாயோ விரியுங்கள். கழற்றிய சட்டையைச் செடி மேல் போடாதீர்கள். பூச்சி விரட்டி களிம்பைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், வீடு திரும்பியதும் அந்தத் துணியோடு கட்டிலில் சாயாமல், சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியைத் துவைக்கப் போட்டுவிடுவது. குஞ்சு ஊர்ந்து இடம் தேடிக் கடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் குளியல் அதைக் கழுவிவிடும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

"காய்ச்சல் சார், மூணு நாளா" என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். "பத்து நாள் முன்னாடி நடவுக்குப் போனேன்", "மலையில ஏலத்துக்குக் களை வெட்டினேன்", "வாய்க்கா சுத்தம் பண்ணினேன்", "மாடு கன்னு வீசுச்சு, நான்தான் எடுத்துப் போட்டேன்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டரின் யோசனை போகும் திசையை அந்த ஒரு வரி மாற்றும். கேரளப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரையும் சொல்லுங்கள்.

இரண்டு காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறையும். குறைந்தாலே டெங்கு என்று பப்பாளி இலைச்சாறும் நிலவேம்புக் கஷாயமுமாக ஒரு வாரம் ஓட்டிவிடுகிறார்கள். டெங்குவும் நம் ஊரில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டெங்குவுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. இவை இரண்டுக்கும் இருக்கிறது. தவறவிட்டால் நஷ்டம் இந்தப் பக்கம்தான். அதே போல வைடால் பரிசோதனையில் லேசாக எதையாவது பார்த்து டைபாய்டு என்று ஊசி போடுவதும் நடக்கிறது. அந்த ஊசிகளில் பல உண்ணிக்காய்ச்சலைத் தொடாது. ஏனென்றால் அந்தக் கிருமி நம் உடம்புச் செல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் "உண்ணிக்காய்ச்சலாக இருக்குமா?" என்று நீங்களே கேட்கலாம். தப்பில்லை.

ரத்தத்தில் ஐஜிஎம் எலிசா என்ற பரிசோதனையில் இரண்டையும் பார்க்கலாம். காய்ச்சல் தொடங்கி முதல் நாலைந்து நாளில் எடுத்தால் இல்லை என்று காட்டக்கூடும். இல்லை என்று வந்தும் காய்ச்சல் நீடித்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

டாக்ஸிசைக்ளின் பொதுவாக ஒருநாளைக்கு இருவேளை, ஏழு நாள் தருவார்கள். உண்ணிக்காய்ச்சல் என்றால் இரண்டு நாளிலேயே காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்கியதும் மாத்திரையைப் பரணில் போடாமல் முழுவதும் சாப்பிடுங்கள். உட்கார்ந்து நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். போட்டவுடன் படுத்தால் நெஞ்சு எரியும். சத்து மாத்திரையான இரும்பு மாத்திரையை அதே வேளையில் சேர்த்துப் போட வேண்டாம்.

மூச்சு வாங்கினாலும், மூத்திரம் குறைந்தாலும், கண் மஞ்சளானாலும், புத்தி தடுமாறிப் பேசினாலும் உள்ளூரில் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

எலியைக் குறைக்கும் வழி

வரப்பு அகலமாக இருந்தால் எலிக்கு வீடு கட்ட நிலம் கொடுத்தது போல. தொழி உழவின்போதே அண்டை வெட்டி, வரப்பை ஒடுக்கிப் பூசுங்கள். வளை இருந்தால் அப்போதே தெரியும். நட்டபின் ஏக்கருக்குப் பல இடங்களில் 'டி' வடிவக் குச்சி நட்டால் இரவில் ஆந்தையும் கூகையும் வந்து உட்காரும். கதிர் வருவதற்கு முன்பே தஞ்சாவூர்க் கிட்டி வைக்க வேண்டும். பால் பிடித்த பிறகு எலி கிட்டியில் இருக்கும் பொரியை ஏன் தேடப் போகிறது? விஷ உணவு என்றால் 49 பங்கு பொரியோ கருவாட்டுத் தூளோ எடுத்து, ஒரு பங்கு ஜிங்க் பாஸ்பைடு கலப்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. முதல் இரண்டு, மூன்று நாள் விஷமில்லாமல் வைத்துப் பழக்கிய பிறகே விஷம் கலந்ததை வையுங்கள். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்யாவிட்டால் உங்கள் எலி பக்கத்து வயலில் போய் இருந்துவிட்டுத் திரும்பும். வீட்டுக்குள் விஷ உணவு வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பொறிக்கூண்டு போதும்.

செத்த எலியை வெறும் கையால் வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலில் வீசும் பழக்கத்தை விடுங்கள். பிளேக் காலத்துப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்: எலி செத்ததும் அதன் மேல் இருக்கும் தெள்ளும் பேனும் வேறு உடம்பு தேடும். பாலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

வைக்கோல் படப்பை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கல் மேல் பலகை போட்டு நெல் மூட்டையை அடுக்குங்கள். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல் செதுக்கியிருந்தால் எலியும் பேனும் இரண்டும் விலகும்.

மாட்டுக்கும் வரும், மாட்டிலிருந்தும் வரும்

எலிக்காய்ச்சல் கிருமி எலியோடு நிற்பதில்லை. மாடு, பன்றி, நாய் எல்லாம் மூத்திரத்தில் வெளியேற்றும். சினை மாடு காரணமில்லாமல் கன்று வீசினால், மூத்திரம் சிவப்பாகப் போனால், மடி தளர்ந்திருந்தும் பாலில் ரத்தம் கலந்து வந்தால் கால்நடை டாக்டரிடம் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். கன்று வீச வேறு நோய்களும் காரணமாக இருக்கலாம். புருசெல்லோசிஸ் அதில் ஒன்று, அதுவும் மனிதருக்குத் தொற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் கையுறை போட்டு எடுத்துச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கொட்டகைத் தரையில் மூத்திரம் தேங்காமல் சரிவு வைத்து வடிய விட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். கிருமிக்கு அது ஆகாது. காவல் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும்போது, எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒருமுறை வந்து குணமானவர்கள் "எனக்குத்தான் வந்துடுச்சே, இனி வராது" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு கிருமியிலும் பல வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கு உடம்பு பழகிவிட்டாலும் இன்னொரு வகை வரும். போன வருடம் உண்ணிக்காய்ச்சலில் க.விலக்கில் படுத்து வந்தவருக்கு இந்த வருடம் பத்து நாள் இடைவெளியில் மறுபடி குளிர்க்காய்ச்சல் என்றால், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு முதல் இரண்டு நாளிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும்.